மேடையில் நாலு பேருக்கு மேல் கூடாது

மூன்று வயதுக் குழந்தையை ஓர் ஆளாக எண்ண வேண்டுமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. டவுன் பஸ் கண்டக்டர் எண்ணுவதில்லை. ரேஷன் கார்டில் எண்ணுகிறார்கள். பந்தியில் தனி இலை போட்டால் எண்ணுகிறார்கள், மடியில் உட்காரவைத்துக்கொண்டால் விட்டுவிடுகிறார்கள். போன வைகாசியில் எங்கள் தெருக் கோவில் பொங்கலுக்குப் போட்ட நாடகத்தில் என் மகள் யாழினியை ஓர் ஆளாக எண்ணிவிட்டார்கள். அது சரியா தப்பா என்று ஒன்பது மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்ததில் இரண்டு தடவை பால் பொங்கி அடுப்பு அணைந்ததுதான் மிச்சம்.

அதைச் சொல்வதற்கு முன் போர்மேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாலு வரை எண்ணுவதில் அவரை மிஞ்சிய மனிதர் இந்தப் பூமியில் பிறக்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழெல்லாம் யார் வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளலாம். நாலு அவருடையது.

விருதுநகரில் பிறந்து பி.காம். முடித்த நான் வாழ்க்கைப்பட்டு வந்தது நாரணாபுரத்துக்கு. எங்கள் தெருவில் கடைசி வீட்டுக்கு முந்தின வீடு அவருடையது. பட்டாசு ஆலை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். தபால்காரரே “போர்மேன், லெட்டர்!” என்றுதான் கூப்பிடுவார் என்பதால் அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை.

பட்டாசு ஆலையைப் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே வெடிமருந்து கையாளும் அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளித் தள்ளி இருக்கும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் ஓடுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் இருக்கும், கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். இதையெல்லாம் கவனிப்பது போர்மேனின் வேலை. அவர் பொறுப்பில் இருந்த அறைகளில் ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை என்று தெருவே சொல்லும். அவர் சொல்ல மாட்டார். யாராவது அதை அவர் முன்னால் எடுத்தால், எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். எண்ணுவதிலிருந்து பெறவில்லை. டீக்கடை பெஞ்சில் ஐந்தாவது ஆள் வந்து உட்கார்ந்தால் பாதி டீயோடு இவர் எழுந்துவிடுவார். யாழினிக்குப் பெயர் வைக்கும் விழாவுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“உள்ள எத்தன பேரு தாயி?”

“எண்ணலையே மாமா. ஒரு இருபது பேரு இருப்பாக. வாங்க, உள்ள வாங்க.”

“இருபதா?” அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “பின்வாசல் தொறந்திருக்கா?”

“தொறந்துதான் இருக்கு.”

“அப்ப எனக்கு இலைய இங்கன போட்டுரு.”

படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். தொட்டிலில் கிடந்த பிள்ளையைச் சன்னல் வழியாகப் பார்த்துக் கையைத் தூக்கி வாழ்த்திவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டிருக்க வேண்டுமோ? இல்லை, பதினேழு பேரை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டுமோ?

இப்படிப்பட்ட மனிதர் நாடகம் எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். எழுதினார். வருடத்துக்கு ஒன்றாக, போன வருடத்தோடு பதினேழு. எங்கள் தெருவில் ஒரு நாடகக் குழு உண்டு. எல்லோரும் பட்டாசு ஆலையிலோ அச்சகத்திலோ வேலை பார்க்கிறவர்கள். ஒரு காலத்தில் புராண நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்களாம். அதை நடத்தித் தரும்படி போர்மேனிடம் கொடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனவர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

“ஏலே, இதுல தேவர் சபைன்னு ஒரு சீன் இருக்கு. முப்பத்து முக்கோடி பேருன்றான். நாலு நாலா உள்ள விட்டா என்னைக்கிலே முடியும்?”

வேறு நாடகங்களையும் வாங்கிப் பார்த்தார். சமூக நாடகம், சரித்திர நாடகம், நகைச்சுவை நாடகம் எல்லாவற்றிலும் எங்காவது ஓர் இடத்தில் ஐந்தாவது ஆள் வந்துவிடுகிறான். “எழுதுறவனுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா?” என்று வருத்தப்பட்டார். உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட நாடகங்கள் எதுவும் பாதுகாப்பானவை அல்ல என்று தெரிந்த பிறகு, தானே எழுத உட்கார்ந்தார். கலை ஆர்வம் என்றெல்லாம் நாம் ஆசைப்பட்டுச் சொல்லிக்கொள்ளலாம். நடந்தது இதுதான்.

அவருடைய மேடைக்கு மூன்று வாசல். இடது ஒன்று, வலது ஒன்று, பின்னால் ஒன்று. மேடையில் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. ஐந்தாவது ஆள் உள்ளே வந்தால், உள்ளே இருப்பவர்களில் யார் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் வெளியேறிவிட வேண்டும். பேசிக்கொண்டிருந்தாலும் சரி, அழுதுகொண்டிருந்தாலும் சரி. நைலான், ஜிகினா கூடாது, பருத்திதான். அதனால் எங்கள் தெரு ராஜாக்கள் எல்லோரும் வேட்டி கட்டி, கூட்டுறவுச் சங்கத்துக்குக் கையெழுத்துப் போட வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். உள்ளே போகும் முன் ஒவ்வொருவரும் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். ஆலையில் உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக அப்படித் தொடுவார்கள். மேடையில் என்ன மின்சாரம் என்று ஒருத்தர் கேட்டதற்கு, “இருக்கோ இல்லையோ, தொட்டுட்டுப் போ” என்று பதில் வந்தது. நடிகர்கள் பயபக்தியோடு தொடுவதைப் பார்த்து, ஒரு வருடம் வெளியூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் அந்தத் தகட்டுக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்.

பற்றவைக்கிற காட்சி எதுவும் கிடையாது. வில்லன் முனியசாமி அண்ணன் சிகரெட் இல்லாமல் வில்லத்தனம் வராது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

“கடலமிட்டாயக் கடி” என்றார் போர்மேன்.

“கடலமிட்டாயக் கடிச்சா எவன் போர்மேன் பயப்படுவான்?”

“கடிக்கிற விதமாக் கடி.”

முனியசாமி அண்ணன் கடித்தார். மைக்குக்குப் பக்கத்தில் வைத்துக் கடித்தார். முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் வீறிட்டு அழுதன. எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு வாரம் கடலைமிட்டாய்ப் பக்கமே போகவில்லை என்று கடைக்காரர் வந்து சண்டை போட்டார்.

கல்யாணக் காட்சிதான் பெரிய சிக்கலாகிவிட்டது. மணமகன், மணமகள், ஐயர், பெண்ணின் அப்பா. நாலு ஆகிவிட்டது. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா வந்து “நிறுத்துங்க!” என்று கத்த வேண்டும். அவள் வந்தாள். ஐயர் வெளியே போனார். அவள் கத்தி, மனம் மாறி, ஆசீர்வாதம் செய்துவிட்டு வெளியேறுவதற்குள் ஐயராக நடித்தவர் டீ குடிக்கப் போய்விட்டார். மந்திரம் சொல்ல ஆளில்லாமல் தாலி கட்டப்பட்டது. அந்தக் கல்யாணம் செல்லுமா செல்லாதா என்று எங்கள் தெருவில் மூன்று மாதம் விவாதம் நடந்தது. மணமகளாக நடித்த காளீஸ்வரி, ஆலையில் கிப்ட் பாக்ஸ் அடுக்குகிற பெண், குழாயடியில் என்னிடம் ரொம்பவும் குறைபட்டுக்கொண்டாள்.

“நீங்க படிச்சவுக, சொல்லுங்க மதினி. நெசத்துல எனக்கு மாப்பிள பாக்குற நேரத்துல இப்படி அரகொறையாக் கட்டிவச்சுட்டாகளே!”

நான் பி.காம். படித்தவள். அதில் இது வரவில்லை.

படித்தவள் என்பதாலும் கையெழுத்து நன்றாக இருப்பதாலும்தான் நானும் இதில் மாட்டினேன். போர்மேன் எழுதுவதைப் பிரதி எடுத்து, நாடகத்தின்போது ஓரமாக நின்று வசனம் எடுத்துக்கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் திருத்தங்கல்லில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். கழிவாகிப் போன பட்டாசு லேபிள் தாள்களைக் கொண்டுவருவார். ஒரு பக்கம் லேபிள், மறு பக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் நாடகம்.

முதல் வருடமே தப்பு செய்துவிட்டேன். கதாநாயகன் செல்வம் அண்ணன் காதலிக்கு எழுதிய கடிதத்தை அவள் முன்னால் நின்று படிக்கிற காட்சி. கடிதத்தை நான்தான் எழுதி மடித்துக் கொடுத்தேன். எந்தப் பக்கம் என்று குறித்துக் கொடுக்கவில்லை. செல்வம் அண்ணன் லாரியில் லோடு ஏற்றுகிறவர். கையில் கொடுத்ததை இறக்கிவைத்துத்தான் பழக்கம், திருப்பிப் பார்த்துப் பழக்கமில்லை. காளீஸ்வரியின் கண்களை ஒரு முறை பார்த்தார். குரல் நடுங்கப் படித்தார்.

“திரியின் நுனியில் பற்றவைத்துவிட்டு, உடனே விலகிச் செல்லவும்.”

காளீஸ்வரி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கூட்டம் கைதட்டி ஓய ஒரு நிமிடம் ஆனது. எனக்கு மட்டும் கை கால் ஓடவில்லை. நாடகம் முடிந்ததும் போர்மேனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“அந்த லெட்டரு நல்லாயிருந்துச்சு தாயி” என்றார் அவர். “நான் எழுதுனதா?”

இல்லை என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

இனிப் போன வருடத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கோவில் கமிட்டித் தலைவர் போர்மேன் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் பிரதி எடுப்பதற்கான தாள்களோடு அங்கே இருந்தேன்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. முந்தின வருசம் நாடகம் பாதி ஓடயில பாதிச் சனம் எந்திரிச்சு அடுத்த தெரு ஆடலும் பாடலும் பாக்கப் போயிருச்சு. நம்ம அம்மன் முன்னாடி காலி நாற்காலியா கெடந்துச்சு. கமிட்டில பேசிட்டோம். இந்த வருசமும் சனம் எந்திரிச்சுப் போச்சுன்னா, அடுத்த வருசத்துல இருந்து நாடகம் கெடையாது. நாமளும் ஆடலும் பாடலும்தான்.”

“அதுல எத்தன பேரு ஆடுவாக?” என்று கேட்டார் போர்மேன்.

“பதினஞ்சு இருவது பேரு ஆடுவாக.”

“ஒரே மேடைலயா?”

தலைவர் போன பிறகு போர்மேன் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இல்லை. மகள் கோயம்புத்தூரில். வருடத்தில் பத்து மாதம் அந்த மனிதர் நாடகத்தைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார், மற்ற இரண்டு மாதம் ஒத்திகை. அதை எடுத்துவிட்டால் அவர் எதை எண்ணுவார்?

பதினைந்து நாளில் “திருப்பூர் பஸ்” என்று ஒரு புது நாடகம் எழுதிக்கொண்டு வந்தார். ஒரு குடும்பம், ஆலை வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பிழைக்கப் போவதா, ஊரிலேயே இருப்பதா என்பதுதான் கதை. கடைசிக் காட்சி பஸ் நிறுத்தத்தில். கணவன் செல்வம் அண்ணன் போவோம் என்கிறார். ஆள் சேர்க்கிற தரகர் முனியசாமி அண்ணன் மிட்டாயைக் கடித்துக்கொண்டு அவசரப்படுத்துகிறார். மாமனார் சங்கையா தாத்தா பையைப் பிடித்துக்கொண்டு போகாதே என்கிறார். மனைவி காளீஸ்வரி முடிவு சொல்ல வேண்டும். ஒன்றரைப் பக்கம் பேசிவிட்டு அவள் பஸ் ஏறிப் போய்விடுகிறாள்.

நான் அதை ஏழு பிரதி எடுத்தேன். ஒவ்வொரு பிரதி எடுக்கும்போதும் அந்த ஒன்றரைப் பக்கம் நீளம் என்று தோன்றியது. சொல்லலாமா என்று யோசித்தேன். பதினேழு நாடகம் எழுதியவரிடம் நேற்று வந்த நான் சொல்வதா என்று விட்டுவிட்டேன்.

நாடகத்தன்று என் வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் அவசர ஆர்டர். யாழினியை விட இடமில்லை. கையில் ஒரு முறுக்குப் பாக்கெட்டைக் கொடுத்து, மேடையின் வலது வாசலில் என் காலடியில் உட்காரவைத்துக்கொண்டேன். ஒத்திகைக்கும் இப்படித்தான் கூட்டிப்போவேன், பேசாமல் இருப்பாள். மறுநாள் காலை ஆறரைக்கு ஆலை பஸ் வந்துவிடும் என்பதால் எங்கள் நாடகம் ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடும். தலைவர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையைப் பார்த்ததைவிட, திரும்பிக் கூட்டத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

எட்டரை மணி வரை கூட்டம் தாங்கியது. கடைசிக் காட்சி தொடங்கியபோது அடுத்த தெருவில் ஸ்பீக்கர் அலற ஆரம்பித்தது. பின்வரிசையில் நாலைந்து பேர் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். தலைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, எழுத்தில் கொண்டுவர முடியாத ஒரு சிரிப்புச் சிரித்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்து, தாளில் எழுத்து கலைந்தது. போர்மேன் எப்போதும் போலப் பின்வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போது யாழினி எழுந்தாள். செம்புத் தகட்டைத் தொட்டாள். உள்ளே போனாள்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒன்றரை மாதம் ஒத்திகை பார்த்த பிள்ளை, முறைப்படிதான் போயிருக்கிறாள்.

மேடையில் ஏற்கெனவே நாலு பேர். இவளோடு ஐந்து.

செல்வம் அண்ணன் அந்த நேரத்தில் காளீஸ்வரியின் கையைப் பிடித்து “வா, போவோம்” என்று சொல்ல வேண்டும். “வா” என்றார். பிள்ளையைப் பார்த்தார். கையை விட்டார். இடது வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

கணவன் மனைவியைக் கூப்பிட்டுவிட்டுத் தான் மட்டும் போனதைப் பார்த்ததும், எழுந்த ஆட்கள் நின்றார்கள்.

பிள்ளையைத் தூக்கிவிடலாம் என்று நான் ஓடினேன். தகட்டைத் தொட்டேனா இல்லையா என்று நினைவில்லை. நான் ஐந்தாவது ஆள். தரகர் முனியசாமி அண்ணன், கடித்த மிட்டாயோடு வணக்கம் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். இப்போது உள்ளே காளீஸ்வரி, தாத்தா, நான், யாழினி. யாழினி என் கைக்கு அகப்படாமல் பஸ் நிறுத்தக் கம்பத்தைச் சுற்றி ஓடினாள். வசனம் எடுத்துக்கொடுக்க வேண்டியவள் நடு மேடையில் நிற்பதால் காளீஸ்வரிக்கு வசனம் வரவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

கதாநாயகன் இல்லாமல் நாடகம் எப்படி நடக்கும் என்று செல்வம் அண்ணனுக்கு உறைத்து, இடது வாசலில் தலையை நீட்டினார். ஆள் வருகிறது என்று தாத்தா எழுந்து போய்விட்டார். அதே நேரம் முனியசாமி அண்ணனும் பின்வாசலில் தலையை நீட்டினார். அவர் ஐந்தாவது ஆகிவிடுவார் என்று காளீஸ்வரி போய்விட்டாள். முனியசாமி வரட்டும் என்று செல்வம் அண்ணன் தலையை இழுத்துக்கொண்டார். செல்வம் வரட்டும் என்று முனியசாமி அண்ணனும் இழுத்துக்கொண்டார். பதினேழு வருடப் பயிற்சி வீண்போகவில்லை. ஒரு நிமிடத்துக்குள் மேடை காலி.

நானும் என் மகளும் மட்டும் நின்றோம். எங்கள் காலடியில் இரண்டு பைகள். எதிரே முந்நூறு பேர்.

யாழினி ஓட்டத்தை நிறுத்தினாள். அவ்வளவு முகங்களைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் தலைக்கு மேலேதான் தொங்கும் மைக்.

“ம்மா... வீட்டுக்குப் போவோம்.”

முந்நூறு பேருக்கும் கேட்டது. ஊரைவிட்டுப் போவதா வேண்டாமா என்று ஒன்றரை மணி நேரமாக ஒரு குடும்பம் அடித்துக்கொண்ட பிறகு, பிள்ளை அப்படிச் சொன்னது. அடுத்த தெரு ஸ்பீக்கர் அலறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு நாற்காலி சத்தம்கூட இல்லை.

காளீஸ்வரியின் ஒன்றரைப் பக்கமும் எனக்கு மனப்பாடம். அதில் ஒரு வரியும் என் வாயில் வரவில்லை. யாழினியைத் தூக்கிக்கொண்டேன். “போவோம் தாயி. வீட்டுக்குத்தான் போவோம்” என்றேன். பைகளையும் எடுத்துக்கொண்டேன். இன்னொருத்தியின் பைகளை ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

திரும்பியபோது வலது வாசலில் திரைச்சீலையை ஒரு கையால் முழுக்க விலக்கிப் பிடித்துக்கொண்டு போர்மேன் நின்றிருந்தார். பின்வாசலில் இருந்தவர் எப்போது சுற்றி ஓடி வந்தாரோ தெரியாது. மூச்சு வாங்கியது. வா என்று அவர் கூப்பிடவில்லை. வழியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் வெளியே வந்த பிறகுதான் சீலையை விட்டார்.

கைதட்டல் கேட்டது. ஒருத்தரும் எழுந்து போகவில்லை. எழுந்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று துடைத்துக்கொண்டாராம். காளீஸ்வரி சொன்னாள். அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள்.

அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாடகம் பிழைத்துவிட்டது, சரி. ஆனால் அது அவருடைய நாடகமா? அவருடைய நாடகத்தில் அவள் பஸ் ஏறிப் போகிறாள். நான் ஏற்றவில்லை. ராப்பகலாக யோசித்து ஒரு மனிதர் எழுதிய முடிவை, முறுக்குத் தின்றுகொண்டிருந்த என் பிள்ளையும் நானும் ஒரு வரியில் மாற்றிவிட்டோம்.

காலையில் அவரே வந்தார். சமையலறைச் சன்னலுக்கு வெளியே நின்றார்.

“மன்னிச்சிருங்க மாமா. அவ பஸ் ஏறணும். நான் மாத்திட்டேன்.”

“பஸ்ஸுதான? போனாப் போகுது” என்றார். “அடுத்த பஸ் வரும்ல.”

போகாமல் நின்றார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க ரெண்டு பேருதான உள்ள இருந்தீக. நான் வந்திருந்தா மூணு. எனக்கு எண்ணத் தெரியாதா தாயி?”

“தெரியும் மாமா.”

“வந்திருக்கணும். பிள்ள பயந்து நிக்கி. நீயும் முழிக்க. கால் வரல. மருந்து ரூமுக்குள்ள எம்புட்டோ தடவ போயிருக்கேன். ஒருநாளும் கால் நின்னதில்ல. இந்தப் பலகை மேல ஏறணும்னா, சனத்தப் பாத்ததும் நின்னுபோகுது. பதினேழு வருசமா இப்படித்தான். ஒருத்தனுக்கும் தெரியாது. நீயும் சொல்லிராத.”

சொல்ல மாட்டேன் என்றேன். இதைப் படிக்கிற நீங்கள் எங்கள் தெருவுக்குச் சொல்லிவிடாதீர்கள். பத்திரிகைக்கு எழுதுவதும் சொல்வதும் ஒன்றா என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது.

“அடுத்த வருசம் நானும் ஏறுதேன்” என்றார். “சின்ன வேசந்தான். எழுதிட்டு வாரேன்.”

எழுதிக்கொண்டு வந்துவிட்டார். புது நாடகத்தில் அவருக்கு ஆலை வாட்ச்மேன் வேடம். மொத்தம் பதினோரு வசனம். ஒத்திகை தை மாதமே ஆரம்பித்துவிட்டது. இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அவருக்கு நடிக்க வரவில்லை. கொஞ்சமும் வரவில்லை. நாலாவது வசனத்தை முதலில் சொல்கிறார். மறந்துபோனால் “சரி, அடுத்து” என்கிறார். எதிரே நின்று பேசுகிறவரைப் பார்க்காமல் மூன்று வாசலையும் மாறி மாறிப் பார்க்கிறார். செல்வம் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் நின்றார், இத்தனைக்கும் உள்ளே மூன்று பேர்தான் இருந்தார்கள். கமிட்டித் தலைவரோ, “நாடகம் உண்டு. ஆனா போன வருசம் மாதிரி இருக்கணும். இல்லாட்டி ஆடலும் பாடலும்தான்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போர்மேன் மேடை ஏறினால் கூட்டம் எழுந்துவிடும். கூட்டம் எழுந்தால் அவருடைய நாடகம் அதோடு முடிந்தது. ஏற வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்வார். மறுபடி அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

தினமும் சாயங்காலம் சன்னலுக்கு வெளியே வந்து நின்று, “வசனம் எடுத்துக்குடு தாயி” என்கிறார். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டே எடுத்துக்கொடுக்கிறேன். முந்தாநாள் ஏழாவது வசனத்தை ஒரு தப்பும் இல்லாமல் முழுசாகச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

வைகாசிக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. மேடைப் பயத்தைப் போக்க உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால், கைமருந்தோ மூச்சுப் பயிற்சியோ எதுவானாலும் சரி, தயவுசெய்து உடனே எழுதுங்கள். அவரை நடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடு என்பதை மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை என் வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அவரோடு நான் இரண்டு நாளாகப் பேசவில்லை.